யார் எந்தக் கதவு வரை: ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் கதை

1777 செப்டம்பரில், ஆங்கிலத்துக்கு அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் தன் நண்பர் பாஸ்வெல்லோடு டெர்பிஷயரிலுள்ள கெடில்ஸ்டன் மாளிகையைப் பார்க்கப் போனார். பாஸ்வெல் சொக்கிப்போனார். ஜான்சன் மசியவில்லை. நகர மன்றத்துக்கு ஏற்ற கட்டடம் என்றார். தூண்கள் நிற்கும் பெரிய கூடத்தில் நீதிபதிகள் உட்காரலாம், வட்ட அறையில் ஜூரிகள் கூடலாம், மாடியில் கைதிகளை அடைக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிண்டல்தான், ஆனால் குறி தப்பவில்லை. அந்தக் கூடத்தில் அலபாஸ்டர் கல்லில் கடைந்த 20 தூண்கள், ஏறத்தாழ 25 அடி உயரத்துக்கு நிற்கின்றன. அதைத் தாண்டினால் ரோமின் பாந்தியனை மனத்தில் வைத்துக் கட்டிய வட்ட மண்டபம். குவிமாடம் வரை 62 அடி. தெற்கு முகப்பில் கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவின் சாயல். 1759-இல் வேலை தொடங்கியபோது மாத்யூ பிரெட்டிங்ஹாம், அடுத்து ஜேம்ஸ் பெயின் என்று பொறுப்பு கைமாறி, கடைசியில் ஸ்காட்லாந்தின் ராபர்ட் ஆடமிடம் போய்ச் சேர்ந்தது. கட்டச் சொன்ன நத்தானியேல் கர்சன் இந்த அறைகளில் அன்றாடம் குடியிருக்கவில்லை. அவர் குடும்பம் பக்கவாட்டுக் கட்டடம் ஒன்றில் வாழ்ந்தது. நடுவிலிருந்த பெருங்கட்டடம் ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் ஆனது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பது அப்போதே வழக்கமாகியிருந்தது. கையில் பட்டியலோடு அவர்களை அறை அறையாகக் கூட்டிச் சென்ற கார்னெட் அம்மையார் என்ற வீட்டு மேலாளரின் ஓவியமும் மாளிகையின் சேகரிப்பில் இருக்கிறது.

வாழாத வீட்டை எதற்காகக் கட்டினார்கள்? கட்டடக்கலை நூல்கள் இந்த மாளிகைகளை முகப்பை வைத்தே பிரித்து அடுக்கின: டியூடர், பரோக், பல்லாடியன், கோத்திக். அது ஆளை உடையை வைத்து அறிமுகப்படுத்துவது போன்ற காரியம். 1978-இல் மார்க் ஜிரூவார்ட் எழுதிய நூல் வேறொரு பாதையைத் திறந்தது. முகப்பை விட்டுவிட்டுத் தரைப்படத்தைப் பார்க்கச் சொன்னார் அவர். எந்த அறைக்கு அடுத்து எந்த அறை, யார் எந்த வழியாக நுழைந்தார்கள், யார் எந்தக் கதவோடு நின்றார்கள் என்பவை அவருடைய கேள்விகள். இவற்றோடு பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பல நூறு ஆண்டுக் கதை ஓரளவு பிடிபடும்.

தொடக்கத்தில் கதவுகளே குறைவு. கென்ட் மாவட்டத்தின் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ், லண்டன் மேயராக நான்கு முறை இருந்த வணிகர் ஜான் டி புல்டெனி 1341-இல் கட்டத் தொடங்கியது. செஸ்ட்நட் மரக்கூரை போட்ட பெரிய கூடத்தின் நடுத்தரையில் எண்கோண வடிவில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது. கூரையின் திறப்பு வழியே புகை தானாக வெளியேற வேண்டும். எசமானர் மேடையில் அமர்ந்து உண்டார். சேவகர்களும் குத்தகைக்காரர்களும் அதே கூரையின் கீழ், அதே புகையில் உண்டார்கள். சமத்துவம் என்று இதைச் சொல்ல முடியாது. உட்காரும் இடம் அவரவர் தகுதியைச் சொல்லிவிட்டது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை பேருக்குச் சோறு போடுகிறார் என்பதில்தான் பிரபுவின் பெருமை இருந்தது. அதை ஊர் பார்த்தாக வேண்டும்.

பின்வந்த கட்டடக் கலைஞர்கள் செய்ததையெல்லாம், இந்தப் பார்வையைப் படிப்படியாக அடைத்த வேலை என்று சொல்லிவிடலாம்.

எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் மடங்களைக் கலைத்தது நில உடைமையைப் புரட்டிப் போட்டது. துறவிகளின் நிலம் அரசவை ஆட்களுக்கு விலைபோனது, மடங்கள் வீடுகளாயின. பல மாளிகைகளின் பெயரில் இன்றும் மடம் என்று பொருள்படும் ‘ஆபி’ ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். லேகாக் ஆபியை வாங்கிய வில்லியம் ஷரிங்டன், கன்னிமாடத்தின் தாழ்வாரங்களை இடிக்காமல் அவற்றின் மேலேயே வீட்டை ஏற்றினார். (அதே வீட்டின் ஜன்னல் ஒன்றைத்தான் 1835-இல் ஃபாக்ஸ் டால்பட் படமெடுத்தார், இன்றுவரை தப்பிப் பிழைத்த ஒளிப்பட நெகட்டிவ்களில் மிகப் பழையது அது.)

புதுப்பணத்தின் துணிச்சலைப் பார்க்க வேண்டுமானால் ஹார்ட்விக் போக வேண்டும். நான்கு முறை மணந்து, ஒவ்வொரு மணத்திலும் சொத்து பெருகி, கடைசியில் ஷ்ரூஸ்பரி பிரபுவின் விதவையான எலிசபெத் ஹார்ட்விக், 1590-இல் இதைத் தொடங்கி 1597-இல் குடியேறினார். அப்போது வயது எழுபதை ஒட்டி. வரைபடம் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்று கருதப்படுகிறது. கண்ணாடி மிக விலை உயர்ந்திருந்த காலத்தில் சுவர் முழுக்க ஜன்னல் வைத்தார். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தினார். பத்து மைல் தள்ளி வருகிறவனும் யார் வீடு என்று கேட்கத் தேவையில்லை.

முகப்பை விட உள்ளமைப்பு இன்னும் சுவையானது. கீழ்த்தளத்தில் வேலையாட்கள், முதல் மாடியில் குடும்பம், இரண்டாம் மாடியில் விருந்து மண்டபமும் நெடுங்கூடமும். மேலே போகப் போக ஜன்னல்கள் உயர்கின்றன. நெடிய கற்படி வளைந்து வளைந்து ஏறுகிறது. அதில் எந்த மட்டம் வரை ஏற அனுமதி என்பதே விருந்தாளியின் தகுதி. பழைய பெருங்கூடமோ இங்கே வெறும் நுழைவிடம். எசமானி அங்கே உண்ணவில்லை.

அடுத்த நூற்றாண்டில் நடந்த முக்கியமான கண்டுபிடிப்பைச் சுற்றுலாக் கையேடுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது பின்படி. பெர்க்ஷயரில் 1650-களில் ரோஜர் பிராட் கட்டிய கோல்ஸ்ஹில், இரண்டு வரிசை அறைகளும் நடுவில் நீண்ட நடையும் கொண்ட கச்சிதமான வீடு. முன்னால் அலங்காரப் படிக்கட்டு. நடையின் கோடிகளில் வேலையாட்களுக்கான சிறிய படிகள். பணியாளர் வேலை செய்தபடி கண்ணில் படக்கூடாது என்பதை பிராட் தன் குறிப்புகளில் வெளிப்படையாகவே எழுதினார். விறகு மேலே போனதும் சிறுநீர்க் கலயம் கீழே வந்ததும் அந்தப் படிகளில்தான். கோல்ஸ்ஹில் 1952-இல் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது.

பரோக் காலத்தில் அறைகள் ஒரே நேர்கோட்டில் அணிவகுத்தன. கதவுகளைத் திறந்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியும். முன்னறை, ஒதுங்கும் அறை, படுக்கையறை, அதற்கும் உள்ளே சிறு தனியறை. சாதாரண ஆள் முதல் கதவோடு நின்றுவிடுவார். பெரிய மனிதர் மூன்றாவது வரை போவார். அவரைவிடப் பெரியவர் வந்தால் வீட்டுக்காரரே வாசல்வரை எழுந்து வர வேண்டும். நாடகாசிரியரான ஜான் வான்ப்ரோ, 1699-இல் காஸில் ஹோவர்டோடு கட்டடக் கலைக்குள் நுழைந்தவர், இந்த நாடகத்துக்கு மேடை அமைப்பதில் சூரர். 1704-இல் பிளென்ஹைமில் பிரெஞ்சுப் படையை வென்ற மார்ல்பரோ கோமகனுக்கு அரசு தந்த பரிசாக 1705-இல் அவர் எழுப்பத் தொடங்கிய மாளிகை, வீடு என்பதைவிட வெற்றிச் சின்னம். கருவூலத்திலிருந்து பணம் நின்றது. கோமகனின் மனைவி சாரா செலவுக் கணக்கைப் பார்த்துக் கொதித்தார். வான்ப்ரோ 1716-இல் கோபத்தோடு வெளியேறினார். 1725-இல் தான் படைத்ததைப் பார்க்க மனைவியோடு வந்தவரைத் தோட்டத்துக்குள்ளும் விடவில்லை. கட்டியவருக்கே அந்தக் கதவு திறக்கவில்லை.

பல்லாடியன் பாணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலிய ஆசான் ஆந்திரேயா பல்லாடியோவின் அளவுகளை எடுத்து ஆங்கில மழையில் நட்டார்கள். தலைமை அமைச்சர் ராபர்ட் வால்போலின் ஹௌட்டன், நார்ஃபோக்கின் ஹோல்கம் என்று வரிசை நீளும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய மாற்றம் வீட்டுக்கு வெளியே நடந்தது. லான்ஸலட் ‘கேப்பபிலிட்டி’ பிரௌன், இடத்தின் ‘வாய்ப்பு’களைப் பேசிப் பேசியே அந்தப் பட்டப்பெயர் வாங்கியவர், நேர்க்கோட்டுத் தோட்டங்களை அழித்துவிட்டு இயற்கை போலத் தோன்றும் ஏரிகளும் புல்மேடுகளும் செய்தார். இயற்கை போல, ஆனால் ஆயிரக்கணக்கான வண்டி மண் அள்ளிச் செய்தது. ஆடுமாடு வீட்டருகே வராதபடி பள்ளத்துக்குள் மறைத்த சுவர் இருக்கும். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலியே தெரியாது.

வேலியைப் போல ஊரையும் மறைத்தார்கள். டோர்செட்டில் மில்டன் பிரபு, தன் மாளிகைக்கு எதிரே இருந்த சந்தையூரை வீடு வீடாக வாங்கி இடித்துவிட்டு, கண்ணில் படாத பள்ளத்தாக்கில் மில்டன் அப்பாஸ் என்ற புதுக் கிராமத்தை 1780-ஐ ஒட்டிக் கட்டினார். வரிசையாக ஒரே அச்சில் வார்த்த ஓலைக்கூரை வீடுகள். இன்று நாட்காட்டிப் படங்களுக்குப் பெயர் போனவை. கெடில்ஸ்டனிலும் கிராமம் தள்ளிவைக்கப்பட்டது. இடைக்காலத்துத் தேவாலயம் மட்டும் மாளிகைச் சுவரை ஒட்டித் தனியாக நிற்கிறது. கர்சன்களின் முன்னோர் அங்கே புதைந்திருந்ததால் அதற்கு விலக்கு.

இவ்வளவுக்கும் பணம்? குத்தகை வருமானம் என்பது பாடநூல் விடை. அது பாதி விடைதான். யார்க்ஷயரில் 1759 முதல் 1771 வரை கட்டிய ஹேர்வுட் மாளிகையின் லாசெல்ஸ் குடும்பம், மேற்கிந்தியச் சர்க்கரையிலும் அடிமை வணிகத்தோடு சேர்ந்த கடன் தொழிலிலும் சம்பாதித்தது. 1833-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் செய்த நாடாளுமன்றம் இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. ஹேர்வுட் பிரபுவுக்குக் கிடைத்தது 26,000 பவுண்டுக்கு மேல்.

இந்தியப் பணத்தில் சென்னைக்குத் தனிக் கணக்கு உண்டு. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரத்தை 48,000 பகோடாவுக்கு வாங்கினார். 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரிடம் அது 135,000 பவுண்டுக்குப் போனது. கார்ன்வாலில் பொகனாக் பண்ணையும் மாளிகையும் வாங்கினார். அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் தலைமை அமைச்சர்கள் ஆனார்கள்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் உட்ஹால் பார்க், தஞ்சைக்காரர்கள் நின்று பார்க்க வேண்டிய வீடு. 1777-இல் தாமஸ் லெவர்ட்டனைக் கொண்டு இதைக் கட்டத் தொடங்கியவர் தாமஸ் ரம்போல்ட். மறு ஆண்டே சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1781-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் பணியிலிருந்து நீக்கியது. 1791-இல் அவர் இறந்தபின் வீட்டை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே பெரும்பணக்காரரானவர். சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவரும் இவரே என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்ததும், அந்த நாட்டின் வருவாயைக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். 1776-இல் ஆளுநர் பிகட் தஞ்சையை மீண்டும் மராட்டிய மன்னரிடம் ஒப்படைத்தபோது பென்ஃபீல்ட் தன் கணக்கை நீட்டினார்: வருவாயின் மேல் 162,000 பவுண்டு, வயலில் நின்ற பயிரின் மேல் 72,000 பவுண்டு. அந்தத் தகராறு முற்றி, ஆலோசனைக் குழுவினர் ஆளுநரையே சிறைபிடித்தார்கள். பிகட் 1777-இல் காவலிலேயே இறந்தார். ஆற்காட்டுக் கடன் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. உரையால் பணம் திரும்பவில்லை. காவிரிப் படுகையின் நெல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பூங்காவைச் சுற்றி மதிலாகியிருக்கக்கூடும். பென்ஃபீல்டின் யோகம் நீடிக்கவில்லை. தொழில் நொடித்தது, 1801-இல் மாளிகை ஒரு வங்கிக்காரர் கைக்குப் போனது. 1810-இல் பாரிஸில் வறுமையில் செத்தார். உட்ஹாலில் இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது.

இந்தியாவில் சம்பாதித்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இந்தியாவைக் காட்டிக்கொள்ளவில்லை. கிரேக்கத் தூண்களே மரியாதை. விதிவிலக்கு க்ளோஸ்டர்ஷயரின் செஸின்கோட். சார்லஸ் காக்கரெலுக்காக அவருடைய சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் 1805-ஐ ஒட்டி வடிவமைத்தார். வெளியே செம்பு வேய்ந்த முகலாயக் குவிமாடம், மயில்விசிறி போல விரியும் ஜன்னல் வளைவுகள். உள்ளே போனால் அக்மார்க் ஆங்கில வரவேற்பறை. முகப்பை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. கெடில்ஸ்டனுக்கு நான்கு பக்கக் கட்டடங்கள் திட்டமிட்டார்கள், இரண்டோடு நின்றுபோனது. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் ஆட்சியில் 1799-க்கும் 1803-க்கும் இடையில் சார்லஸ் வயாட் அதே அமைப்பைப் பின்பற்றிக் கல்கத்தாவில் அரசினர் மாளிகையைக் கட்டியபோது, நான்கு பக்கங்களும் முழுமையாக எழுந்தன. டெர்பிஷயரில் முடியாததை வங்காள வருவாய் முடித்துவைத்தது. 1899-இல் வைசிராயாக வந்து அதில் குடியேறிய ஜார்ஜ் நத்தானியேல் கர்சன், மூலமாளிகையில் பிறந்தவர். அவர் கீழைநாடுகளில் சேர்த்த பொருட்கள் இப்போது கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்தில் அருங்காட்சியகமாக இருக்கின்றன.

விக்டோரியா காலத்தில் மறைக்கும் கலை உச்சிக்குப் போனது. ராபர்ட் கெர் 1864-இல் கனவானின் வீட்டைப் பற்றி ஒரு தடித்த நூலே எழுதினார். குடும்பத்தின் நடமாட்டமும் பணியாளர் நடமாட்டமும் எங்கும் குறுக்கிடக் கூடாது என்பது அதன் ஆதார விதி. ஆண் பணியாளருக்கு ஒரு பகுதி, பெண் பணியாளருக்கு வேறு பகுதி. வெள்ளிப் பாத்திரம் துலக்க, விளக்கு துடைக்க, பால் கடைய, துணி மடிக்கத் தனித்தனி அறை. எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் மணிகள் நடையில் வரிசையாகத் தொங்கின. சசெக்ஸின் அப்பார்க்கில் அடுக்களையையும் குதிரைலாயத்தையும் மாளிகையோடு இணைத்தவை நிலத்தடிச் சுரங்கப் பாதைகள். அந்த வீட்டில் 1880 முதல் 1893 வரை வீட்டு மேலாளராக இருந்த பெண்மணியின் மகன், அந்தக் கீழ்த்தளத்தைச் சுற்றி வளர்ந்த சிறுவன், பிறகு எச்.ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளரானார். மேலே மெல்லிய மனிதர்களும் நிலத்தடியில் உழைப்பவர்களுமாக அவர் படைத்த எதிர்கால உலகத்துக்கு எங்கே விதை விழுந்தது என்று ஆராய்ச்சி தேவையில்லை.

நார்தம்பர்லாந்தில் பீரங்கி வணிகர் ஆம்ஸ்ட்ராங் கட்டிய கிராக்சைட் மட்டும் வேறு வழி போனது. ஏரிநீரில் மின்சாரம் எடுத்து 1878-இல் ஓவியக்கூடத்தில் விளக்கேற்றினார். 1880-இல் ஜோசப் ஸ்வானின் மின்குமிழ்கள் வந்தன. நீர்விசையால் ஏறி இறங்கும் தூக்கியும் இருந்தது. ஆனால் மற்றவர்கள் இவரைப் பின்பற்ற அவசரப்படவில்லை. ஆள் கூலி மலிவாக இருந்தது.

பிறகு எல்லாம் ஒருசேர வந்தது. 1870-களின் இறுதியிலிருந்து அமெரிக்கப் புல்வெளிகளின் கோதுமை கப்பலில் வந்து விலையைச் சரித்தது, குத்தகை சரிந்தது. 1894-இல் வந்த வாரிசு வரியின் உச்ச விகிதம் 8 சதவீதம். 1919-இல் அது 40, 1949-இல் 80. சிலர் அமெரிக்க மருமகள் தேடினார்கள். 1895-இல் ஒன்பதாம் மார்ல்பரோ கோமகன் கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை மணந்தபோது சீதனம் 25 லட்சம் டாலர் ரயில்வே பங்குகள். பிளென்ஹைமின் கூரை தப்பியது. அதே ஆண்டு கர்சன் மணந்ததும் சிகாகோ கோடீஸ்வரரின் மகளைத்தான். இரண்டு உலகப் போர்கள் வாரிசுகளையும் வேலையாட்களையும் கொண்டுபோயின. இரண்டாம் போரில் ராணுவம் குடியிருந்துவிட்டுப் போன பல வீடுகள் எழவே இல்லை. டெவன்ஷயர் கோமகன் 1950 நவம்பரில் இறந்தபோது, மகனுக்கு மாற்றிய சொத்து வரிவிலக்குப் பெறச் சில மாதங்களே பாக்கி இருந்தன. 80 சதவீத வரி விழுந்தது. தலைமை மாளிகையான சாட்ஸ்வொர்த்தைக் காப்பாற்ற, குடும்பத்தின் வசமிருந்த ஹார்ட்விக்கைக் கொடுத்தார்கள். 1959-இல் அது பழைய மாளிகைகளைப் பேணும் தேசிய அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இடிபட்ட மாளிகைகள் ஆயிரத்துக்கும் மேல். 1974-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில், சரிந்து விழும் தூண்களின் மேல் அந்த வீடுகளின் படங்களை ஒட்டி, ஒலிநாடாவில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். வந்தவர்கள் கலங்கிப் போனார்கள். பொதுமக்கள் கருத்தைத் திருப்பிய நிகழ்ச்சி அது, சந்தேகமில்லை. ஆனாலும் அந்த நாடாவில் மில்டன் பிரபு இடித்த சந்தையூருக்கு இடமில்லை. 1977-இல் மென்ட்மோர் மாளிகையை உள்ளிருக்கும் கலைப்பொருட்களோடு 20 லட்சம் பவுண்டுக்குத் தர வந்தபோது அரசு மறுத்தது. ஏலத்தில் பொருட்கள் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் போயின. அந்த வெட்கத்தில் 1980-இல் தேசிய மரபு நினைவு நிதி உருவானது. கெடில்ஸ்டன் 1987-இல் அறக்கட்டளையின் கைக்கு மாறியது அந்த நிதியின் உதவியால்.

மற்றவர்கள் வாசலைத் திறந்து சீட்டு விற்றார்கள். லாங்லீட் 1949-இல் திறந்தது. 1966-இல் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டது. தொலைக்காட்சி காஸில் ஹோவர்டையும் ஹைக்ளேரையும் வாழவைக்கிறது. பின்படி இப்போது காட்சிப் பொருள். பல வீடுகளில் கூட்டம் வரவேற்பறையை விட அடுக்களையில்தான் அதிக நேரம் நிற்கிறது. கீழ்த்தளத்தில் இருந்திருக்கக்கூடியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பணத்தின் கதைதான் இன்னும் தொண்டையில் சிக்குகிறது. அடிமைமுறையோடும் காலனியத்தோடும் தொடர்புள்ளவை என்று தன் வசமுள்ள 93 இடங்களை 2020-இல் தேசிய அறக்கட்டளை பட்டியலிட்டபோது, வரலாற்றைக் கறைப்படுத்துகிறார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது. கறை கணக்கேட்டில் முதலிலிருந்தே இருந்தது.

கட்டடக் கலைப் பக்கத்தில் வேறொரு சண்டை நடக்கிறது. அப்பார்க் 1989-இல் கூரை வேலையின்போது தீப்பிடித்து எரிந்தது. கைவினைஞர்களைக் கூட்டி, சுதைவேலையை விட்டுப்போன இடத்திலிருந்து மறுபடி செய்து, தீக்கு முந்தைய நாள் இருந்தபடியே 1995-இல் திறந்தார்கள். 2015 ஏப்ரலில் சர்ரேயின் க்ளாண்டன் பார்க் எரிந்தது. ஜியாகோமோ லியோனி வடிவமைத்த, ஜமைக்கா தோட்டப் பணம் மணவழியில் வந்துசேர்ந்த ஆன்ஸ்லோ குடும்பத்தின் மாளிகை. கீழ்த்தளத்து மின்பலகையில் பிறந்த தீ தூக்கிக் கூண்டு வழியே மேலேறியது. இங்கே அறக்கட்டளை மீட்டமைப்பதில்லை என்று 2022-இல் முடிவெடுத்தது. கூரை போடுவார்கள், நடைபாலங்கள் அமைப்பார்கள். எரிந்த செங்கல்லும் இரும்புக் கட்டும் எஞ்சிய கணப்புகளும் அப்படியே இருக்கும். காப்பீட்டுப் பணம் வந்திருக்கும்போது அப்பார்க்குக்குச் செய்ததை ஏன் செய்யக்கூடாது என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். சுதையும் பட்டும் மூடியிருந்தவரை இந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதை ஒருவரும் பார்த்ததில்லை என்கிறது அறக்கட்டளை.